வாகை வாங்கிய கொத்து

மலைக்கு அந்தப் பக்கத்துத் தேக்குக்காட்டில் மரங்கொத்திக்கு நல்ல பெயர். பட்டையில் காதை வைத்துக் கேட்டே புழு இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, ஒரே கொத்தில் எடுத்துவிடும். ராசியான அலகு என்று தேக்குகள் வரிசையாக நின்று வைத்தியம் பார்த்துக்கொண்டன.

ஒருநாள் ஒரு தேக்கு கேட்டது. "இந்த வித்தையை எங்கே படித்தீர்கள்?"

மரங்கொத்திக்கு ஐந்து வருஷமாக எட்டிப் பார்க்காத சொந்த ஊர்க் கரட்டுக் குன்றும், அங்கே ஒற்றையாக நின்ற வாகை மரமும் நினைவுக்கு வந்தன. மறுநாளே லீவு சொல்லிவிட்டுப் பறந்தது.

வாகையின் உடம்பெல்லாம் பழைய பொந்துகள். எல்லாம் புழு இல்லாத இடத்தில் மரங்கொத்தி அந்தக் காலத்தில் தப்பாகக் கொத்தியவை.

"அக்கா, உன்மேல கொத்திக் கொத்தித்தான் நான் தொழில் படிச்சேன். அதைச் சொல்லத்தான் வந்தேன். ரொம்ப வலிச்சிருக்குமே?"

"வலிக்காம என்ன? ஆனா அந்தப் பொந்துல எல்லாம் இப்போ மைனாவும் கிளியும் குடியிருக்கு. நீ போன பிறகும் நான் தனியா இல்லை, தம்பி."

கொஞ்ச நேரம் கழித்து வாகை தயங்கித் தயங்கிக் கேட்டது. "மேற்குக் கிளையில ரெண்டு வருஷமா குடைச்சல். இங்கே பாக்க ஆளில்லை. கிளம்புறதுக்குள்ள ஒரு தடவை பாத்துட்டுப் போறியா?"

மரங்கொத்தி கண்ணை மூடி நெடுநேரம் காது கொடுத்தது. பிறகு ஒரே கொத்து. புழு வெளியே வந்துவிட்டது.

"அவ்வளவுதானா?" என்றது வாகை.

அப்போதுதான் மரங்கொத்தி நிமிர்ந்து பார்த்தது. பழையபடி நாற்பது ஐம்பது கொத்தாவது விழும் என்று, அக்கா ராத்திரி தூங்கும்போது மட்டும் மடக்கும் இலைகளையெல்லாம் பட்டப்பகலில் இறுக மடக்கிக்கொண்டு நின்றிருந்தாள்.