ஊறப்போட்ட மாத்திரை

சொரிமுத்து டம்ளருக்குள் விரலை விட்டு, ஊறிக்கொண்டிருந்த தோல் துண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினான்.

தடம் அப்படியே நின்றது. இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் விரல் மறுபக்கம் வந்துவிட்டது.

காலையில் அது நல்ல ஆட்டுத் தோல். வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு மாத்திரையைப் பொடித்துப் போட்டு, அதில்தான் ஊறவைத்திருந்தான். மாத்திரை அவனுடையதல்ல. அவன் பெண்டாட்டி பேராச்சிக்கு மாட்டுங்கா தவாக்கானாவில் டாக்டர் கொடுத்தது.

"பாத்தியா பிள்ள? இதத்தான் உன்ன முழுங்கச் சொல்லுதாரு அந்த டாக்டரு. முழுங்குனா கொடல் கதம்."

பேராச்சி தட்டுகளில் சோறு போட்டாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். தாராவியில் அவர்கள் சந்து முழுக்கக் கறிக்குழம்பு மணத்தது.

சீனாச் சண்டை நடந்த வருஷம் அவளுக்கு வயிற்றில் ஒரு வலி வந்தது. வலி போய்விட்டது, உடம்பு திரும்பவில்லை. நன்றாகத்தான் சாப்பிடுகிறாள், சாப்பிட்டது ஒட்டுவதில்லை. ரவிக்கையை இரண்டு தரம் பிடித்துத் தைத்தாகிவிட்டது. அவளைப் பார்க்கும்போதெல்லாம் சொரிமுத்துவுக்குப் பயமாக இருந்தது. பயத்தைக் காட்டத் தெரியாத மனுஷன், ரேஷன் அரிசியைத் திட்டினான், பம்பாய்த் தண்ணீரைத் திட்டினான்.

டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். ஈரலில் சுரக்கிற பித்தநீர், எண்ணெயையும் கொழுப்பையும் சவுக்காரம் போலச் சின்னச் சின்னத் துளியாகப் பிரித்துப் போடும். பிரித்தால் மட்டும் போதாது. இரைப்பைக்குப் பின்னால் கணையம் என்று ஒன்று இருக்கிறது. அதிலிருந்து வருகிற நீர்தான் கொழுப்பு, கறி, சோறு எல்லாவற்றையும் உடைத்து ரத்தத்தில் சேர வைக்கும். பேராச்சிக்கு ஈரல் நன்றாக இருக்கிறது, கணையம்தான் சுணங்கிப்போனது. அதனால் இந்த மாத்திரை. இது மாட்டுக் கணையத்தில் செய்தது.

மாட்டுக் கணையம் என்றதும் சொரிமுத்துவுக்குக் காது அடைத்துக்கொண்டது. சாப்பாட்டுக்கு நடுவில்தான் போட வேண்டும், வெறும் வயிற்றில் கூடாது என்பதையெல்லாம் பேராச்சிதான் கேட்டுக்கொண்டாள்.

அவன் வேலை பார்க்கும் தோல் பட்டறையில், முடி எடுத்த தோலை மிருதுவாக்க மேஸ்திரி தொட்டியில் ஒரு பொடி போடுவார். அதுவும் மாட்டுக் கணையம்தான். பதமாக எடுத்தால் தோல் பட்டு மாதிரி இருக்கும். மேஸ்திரி கொஞ்சம் அசந்தாலும் கூழாகிவிடும். கூழான தோலை அவனே எத்தனையோ தடவை வாரிக் கொட்டியிருக்கிறான்.

ஆட்டுத் தோலுக்கே இந்தக் கதி என்றால், ஏற்கெனவே நூலாகிவிட்டவளின் குடல் என்னாகும்? வாங்கி வந்த அன்றைக்கே மாத்திரைப் புட்டியை இடுப்பில் செருகிக்கொண்டான். தூங்கும்போதும் எடுக்கவில்லை.

பேராச்சி கரண்டியை வைத்துவிட்டு அவன் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கையைத் திருப்பினாள், முழங்கை வரைக்கும் தடவிப் பார்த்தாள்.

"இந்தக் கை கலியாணத்துக்கு முந்தியிருந்தே அந்தத் தொட்டிக்குள்ளதான் கெடக்கு. கரைஞ்சா போச்சு? நீங்க ஊறப்போட்டது செத்த தோலு. நான் உசிரோடதான இருக்கேன்?"

சொரிமுத்து தன் கையையே பார்த்தான். அங்கங்கே காய்த்திருந்தது, மற்றபடி முழுசாக இருந்தது. ஆனாலும் புட்டியைக் கொடுக்கவில்லை.

"நாளைக்குத் தாரேன்" என்றான்.

அவள் அப்போதுதான் அவனைச் சரியாகப் பார்த்தாள். கறிக்குழம்பு நாளில் முதல் ஆளாக உட்காருகிறவன் தட்டைத் தொடவில்லை. காலையிலிருந்து டீகூடக் குடிக்கவில்லை. ஒரு கை வயிற்றிலேயே இருந்தது, நெற்றி வேர்த்திருந்தது.

சட்டென்று எட்டி அவன் இடுப்பிலிருந்து புட்டியைப் பிடுங்கினாள்.

பாதிதான் இருந்தது.

"நாந்தான் முழுங்கினேன்" என்றான் சொரிமுத்து, தரையைப் பார்த்துக்கொண்டு. "காலையில ஒரு கை அள்ளிப் போட்டேன். வயிறு காந்துதுதான். நாளைக்கு விடியச்சுல நான் எந்திரிச்சிட்டேன்னா நீ பயப்படாமப் போட்டுக்கலாம் பாரு."

பேராச்சிக்குக் கோபம் வந்தது. இப்படி ஒரு முட்டாளா என்று வந்தது. இத்தனை வருஷத்தில் அவன் ஒரு தடவைகூட வாய்விட்டுச் சொல்லாததை இப்படியா சொல்வான் என்று கண்ணும் கலங்கியது. புட்டியைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தாள். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்து ஒரு வாய் தின்றாள். அடுத்த வாயோடு மாத்திரையையும் விழுங்கினாள்.

அவன் பதறி எழுந்தான். "ஏட்டி, நாளைக்கு வரைக்கும் பொறுக்கக் கூடாதா?"

"நாளைக்கு நீங்க எந்திரிக்கலன்னா, எனக்கு மாத்திர எதுக்கு?"

அவன் தட்டை அவன் முன்னால் நகர்த்திவிட்டு, அவள் தன் பாட்டுக்குச் சாப்பிட்டாள்.

சொரிமுத்து உட்கார்ந்தான். வயிறு அப்படியேதான் காந்திக்கொண்டிருந்தது. அது வெறும் பசி என்று அவனுக்குப் புரிய இரண்டு வாய்ச் சோறு வேண்டியிருந்தது.