சனிக்கிழமைக்கான ஒத்திகை

"காந்தம் எங்கேருந்து வந்துச்சு?" என்று தொண்டையைக் கனைத்துக்கொண்டு அப்பா கேட்டார்.

அது அவருடைய நடுவர் குரல். கேட்டால் பல் பிடுங்க வந்தவர் போலிருக்கும்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த மகளின் மடியில் ஒரு செருப்புப் பெட்டி. அதற்குள் செம்புக் கம்பி சுற்றிய இரும்பாணி, பேட்டரி, ஒரு பிடி குண்டூசி.

கம்பியில் மின்சாரம் ஓடினால் சுற்றிலும் காந்தப்புலம் உண்டாகும், உள்ளே இருக்கும் ஆணி அதை வலுவாக்கும் என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தாள்.

சனிக்கிழமை பள்ளியில் அறிவியல் கண்காட்சி. போன வருடம் நடுவர் கேட்ட முதல் கேள்விக்கே அவள் அழுதுவிட்டாள். அதனால் இந்த வருடம் உட்கார்ந்த இடத்திலெல்லாம் ஒத்திகை. இன்றைக்கு ஒரு நீண்ட வராந்தாவில், மரப் பெஞ்சில்.

காந்தத்தை இன்னும் வலுவாக்க என்ன செய்வாய் என்று கேட்டுவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் அப்பாவே பதிலையும் சொன்னார். இன்னொரு பேட்டரி போட வேண்டும்.

பெஞ்சின் மறுமுனையிலிருந்த அம்மா எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டு, கம்பியை இன்னும் நாலு சுற்று சுற்றினால் போதும் என்றாள். பேட்டரியைக் கூட்டினால் கம்பி சூடேறிக் கையைச் சுடுமாம்.

வயரிங் வேலையில்தான் தன் தலையே நரைத்தது என்று அப்பா காற்றிடம் சொன்னார். போன வாரம் பிள்ளையின் விரல் கொப்பளித்தபோது மருந்து போட்டது யார் என்று அம்மா சுவரிடம் கேட்டாள்.

இரண்டுமே சரிதான் என்றாள் அவள். வீட்டில் அவள் அதிகம் சொல்லிப் பழகிய பதில் அது.

கதவு திறந்தது. சேவகர் அவளை மட்டும் கூப்பிட்டார். கூடவே எழுந்த இருவரையும் கையசைத்து உட்கார வைத்தார்.

உள்ளே குடும்ப நீதிமன்ற நீதிபதி அம்மாள், பிஸ்கட் தட்டை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, இனி யாரோடு இருக்க ஆசை என்று கேட்டார்.

இதற்கும் அவளுக்கு ஒத்திகை நடந்திருந்தது. அப்பா தனியாக, அம்மா தனியாக. இரண்டு பதில்களும் தலைகீழ் மனப்பாடம்.

அவள் இரண்டையும் சொல்லவில்லை.

"சனிக்கிழமை எங்க ஸ்கூல் கண்காட்சிக்கு ரெண்டு பேரும் ஒண்ணா வரலாமா மேடம்? சட்டத்துல இடம் இருக்கா?"

நீதிபதி பேனாவை மூடினார். கொஞ்ச நேரம் கழித்துத் திறந்தார்.

வழக்கு தள்ளிவைக்கப்பட்டது. மனுதாரரும் எதிர்மனுதாரரும் சனிக்கிழமை காலை குழந்தையின் மேசையருகே சேர்ந்து நிற்க வேண்டும் என்று உத்தரவாயிற்று.

நின்றார்கள். நடுவில் அவள் நிற்கிற அளவுக்கு இடம் விட்டு.