நாற்பது முட்டை

நாற்பது பேர். இருபது கேள்வி. நாற்பதும் முட்டை!

பருவநிலை மாற்றம் பாடம் எடுக்க வந்த புது வாத்தியாருக்குத் தலை சுற்றியது. பாடம் தொடங்கும் முன், முதல் நாளே வைக்கிற பரீட்சை. எல்லாமே சும்மா டிக் அடிக்கிற கேள்விகள். கண்ணை மூடிக்கொண்டு அடித்தாலே நாலைந்து தேறுமே!

"கடல் மட்டம் ஏன் உயருதுன்னு கேட்டா, மீன் அதிகமாயிடுச்சுன்னு அடிச்சிருக்கீங்களேடா! தலையில என்ன, களிமண்ணா?"

கடைசி பெஞ்ச் தூங்குமூஞ்சி எழுந்தான். "தெரியாம இருக்கறதாலதானே சார் படிக்க வந்திருக்கோம்?"

கொழுப்பைப் பாருங்கள்!

துறைத்தலைவர் தாள்களைப் புரட்டிவிட்டுச் சொன்னார்: "பத்து வருஷமா இதே கேள்விதான். கடைசி நாளும் இதையே கொடுப்போம். மார்க் எவ்வளவு ஏறியிருக்குன்னுதான் மேலிடம் பார்க்கும். ஏறலைன்னா அடுத்த வருஷம் உங்களுக்கு வேலை இல்ல."

 வீட்டில் வாத்தியாரின் மனைவிக்கு எட்டாம் மாசம்.

அன்றிலிருந்து தொண்டை கிழியக் கத்தினார். மேஜைமேல் ஐஸ் கட்டியை உருகவிட்டுக் காட்டினார். திட்டினார், கெஞ்சினார். தூங்குமூஞ்சி பேருக்கேற்றபடி தூங்கினான்.

"நீயெல்லாம் உருப்படவே மாட்டடா!" என்று சாபமும் கொடுத்தார்.

கடைசி நாள் வந்தது. நாற்பது பேரும் இருபதுக்கு இருபது! தூங்குமூஞ்சி உட்பட.

துறைத்தலைவர் எழுந்து நின்று கை கொடுத்தார். "இனி உங்களை விடறதா இல்ல சார்!"

வாத்தியாருக்குக் கால் தரையில் பாவவில்லை. மாடிப்படியில் தூங்குமூஞ்சியை மடக்கினார்.

"பார்த்தியாடா? ஒண்ணுமே தெரியாத மக்குப் பசங்களையும் தேத்திட்டேன்ல?"

"ஆமா சார். போன வருஷம் இருந்த மேடத்துக்குத்தான் கொடுத்து வைக்கல."

"ஏன், அவங்களுக்கு என்ன?"

"அப்ப இருந்த சீனியருங்க முதல் நாளே எல்லாத்தையும் சரியா எழுதித் தொலைச்சிட்டாங்க. அதுக்கு மேல மார்க் எங்க ஏறும்? மேடத்தை வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. அழுதுட்டே போனாங்களாம். சீனியருங்களுக்கு மனசே ஆறல. அதான் நாங்க அட்மிஷன் வாங்கினதுமே கேள்வித்தாளைக் கையில கொடுத்துட்டாங்க."

"கையில கொடுத்துமா நாற்பது பேரும் முட்டை வாங்கினீங்க?"

தூங்குமூஞ்சி நிதானமாகக் கொட்டாவி விட்டான்.

"ஒண்ணுகூடச் சரியாயிடக் கூடாதுன்னா, இருபதுக்கும் சரியான பதில் தெரிஞ்சிருக்கணுமே சார்! ஒரு வாரம் உக்காந்து படிச்சோம்."