சின்னண்ணையின் இலை

ஐயாவின் திவசப் படையல் முடிந்து எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கிறார்கள். குடியேற்றக் காணி வீட்டின் தகரக் கூரையில் ஆணி போன ஓட்டைகளால் மத்தியான வெயில் இறங்கி, சிற்றம்பலத்தின் வாழையிலையில் காசு காசாகக் கிடக்கிறது. அந்த இலையைத்தான் எல்லாரும் பார்க்கிறார்கள், பரிமாறுகிற தங்கை பராசத்தியும். ஐயா இரத்தமாக வெளிக்குப் போய், சோறு வெறுத்து, நாற்பத்தெட்டு வயதில் செத்தவர். பெரியண்ணையும் அதே வருத்தம் வந்து, அதே வயதில் போனவர். ஊர்க் கிணற்றில்தான் ஏதோ பிழையென்று யாழ்ப்பாணத்தை விட்டு வன்னிக்கு வந்த குடும்பம். இந்த ஆவணியில் சிற்றம்பலத்துக்கும் நாற்பத்தெட்டு.

"சின்னண்ணை, இன்னும் கொஞ்சம் சோறு போடவோ?"

"போடு பிள்ளை. பருப்பும் விடு."

கதவோரம் நிற்கிற சிற்றம்பலத்தின் மனைவியின் கை தாலிக்கொடியை விட்டு மெல்ல இறங்குகிறது. "இவனுக்கு ஒண்டுமில்லை," என்கிறார் மாமா. "பொம்பிளையள் நீங்கள் குடுத்து வைச்சனியள். இது எங்கட ஆம்பிளையளை மட்டும்தானே பிடிக்குது."

"ஓம் மாமா," என்கிறாள் பராசத்தி. அவளுக்கு நாற்பத்தைந்து. தைப்பொங்கலிலிருந்து ஒவ்வொரு விடியலும் பற்றை மறைவில் அந்தச் சிவப்பைக் காலால் மண் தள்ளி மூடிவிட்டு வருகிறாள். சட்டையை இரண்டு தரம் பிடித்துத் தைத்தாயிற்று. சிற்றம்பலம் ஒரு பருக்கையும் விடாமல் வழித்துச் சாப்பிட்டுவிட்டு எழும்புகிறார்; முற்றத்தில் சிரிப்புக் கேட்கிறது. கடைசியாக அவள் தனியே உட்கார்ந்து, ஒரு வாய் வைத்துவிட்டு, மிச்சச் சோற்றின் மேல் இலையை மடிக்கிறாள். அந்த இலையை ஒருவரும் பார்க்கவில்லை.