கூட்டாத பிசிறு

"இன்னிக்குப் பேக்கிங் அம்முணி. மதியத்துக்குள்ள பண்டல் வரலீன்னா, அடுத்த பண்டல் வேற ஊட்டுக்குப் போயிரும்."

பனியன் கம்பெனி சூப்பர்வைசர் வேலுமணி போனை வைத்துவிட்டார்.

ஜெயபாரதி வீட்டு நடுவில் மலையாய்க் கிடந்த பனியன்களைப் பார்த்தாள். தையலில் தொங்கும் பிசிறு நூலை வெட்டிக் கொடுக்க வேண்டும், அவ்வளவுதான். உட்கார்ந்தால் முடிந்துவிடும். அந்த உட்காருவதுதான் அவளுக்கு வராது.

வேலையைத் தள்ளிப்போடாமல் இருப்பது எப்படி என்று ஒரு வீடியோ வந்திருந்தது. அதையே நாலைந்து நாள் தள்ளிப்போட்டு நேற்றுத்தான் பார்த்தாள். விஷயம் சின்னது. மணி அடிக்கிறவரை ஒரே வேலை. அடித்தால் கொஞ்சம் ஓய்வு. மறுபடி வேலை.

மணி அடிக்கப் போனில் அலாரம் வைத்தால் கை ரீல்ஸுக்குப் போய்விடும். போனை அரிசி டப்பாவுக்குள் போட்டு மூடினாள். குக்கரை அடுப்பில் ஏற்றினாள். விசில் வருகிறவரை எழுந்திருக்கக் கூடாது!

பருப்பு வெந்தது. அடுத்து சோறு. அப்புறம் நிலக்கடலை, கிழங்கு, கொண்டைக்கடலை.

உச்சி வெயிலுக்கு முன்னாலேயே பண்டல் முடிந்தது. வீட்டில் வேகாத பொருள் என்று எதுவும் மிச்சமில்லை.

மூட்டையைக் கட்டிவிட்டு, உள்ளே ஃபேனுக்கு அடியில் காலை நீட்டினாள். சுற்றிலும் பிசிறு பந்து பந்தாய்க் கிடந்தது.

'கூட்டறதை அப்புறம் பாத்துக்கலாம்.'

பண்டலைக் கம்பெனிக்கு எடுத்துப்போகும் டெம்போ வரவில்லை. டெம்போக்காரர் சகாயராஜ் என்றைக்கும் லேட்டாகத்தான் வருவார். இத்தனை நாள் அது வசதியாக இருந்தது. இன்றைக்குத்தான் கோபம் வந்தது.

அரிசி டப்பாவிலிருந்து போனை எடுத்து வேலுமணியைக் கூப்பிட்டாள்.

"அண்ணா, நான் எப்பவோ முடிச்சுட்டனுங்க. உங்க டெம்போக்காரரைத்தான் காணோம்!"

"சகாயராஜா? தெனமும் இதே கதைதான். பஞ்சர்ம்பான், டிராபிக்ம்பான். இன்னியோட ஆளை மாத்திடறேன்."

"மாத்துங்கண்ணா. நேரத்தோட அருமை தெரியாதவங்களை வெச்சுட்டு என்ன பண்றது?"

சொல்லும்போதே வீடியோக்காரர் குரல் தனக்கு வந்துவிட்டதாக ஒரு பெருமை.

கொஞ்ச நேரத்தில் டெம்போ பறந்து வந்து நின்றது. சகாயராஜ் குதித்து இறங்கினார்.

"என்ன தங்கச்சி, முடிச்சிட்டியா? வெரசாத் தா, பேக்கிங்குக்குள்ள சேத்திருதேன். சூப்பர்வைசர் போன்ல கிழிக்காரு."

"எங்கீங்கண்ணா போனீங்க?"

"எங்கயும் போகல. தெருமுனையிலதான் நிக்கேன். தினமும் அங்ஙனதான நிப்பேன்."

"எதுக்குங்க?"

"வாசல்ல வந்து நின்னா நீ பதறிப்போயி துணியில ஓட்டை போட்டிருவ. முதல் தடவை அப்படித்தான ஆச்சு? நீ பிசிறக் கூட்டி வாசல்ல தள்ளுனா, சரி, வேலை முடிஞ்சிட்டுன்னு வண்டிய எடுப்பேன். இன்னைக்கு நீ கூட்டவே இல்லியே தங்கச்சி!"

ஜெயபாரதி தன் காலடியைப் பார்த்தாள்.

"அப்ப அந்தப் பஞ்சரு, டிராபிக்கெல்லாம்..."

"அது கம்பெனிக்குச் சொல்லுதது." சிரித்துக்கொண்டே மூட்டையைத் தோளில் ஏற்றினார்.

விளக்குமாற்றை எடுக்கப் போன கை, பாதி வழியில் போனுக்குத் திரும்பியது. இதை அப்புறம் பார்த்துக்கொள்ள முடியாது.

"அண்ணா, ஆளை மாத்திராதீங்க. இத்தனை நாளும் லேட்டு அவரில்லீங்க... நாந்தானுங்க."