ஞாயிறு மின்வெட்டு

மெயின் சுவிட்சின் மேல் வைத்த விரலை எடுத்துவிட்டார்.

ஞாயிறு, காலை பதினோரு மணி.

வேண்டாம். இன்றைக்கு வேண்டாம்.

மனைவி இறந்த மறுமாதம், மகள் கோமதி அவர் வீட்டுக்குத் திருட்டு அலாரம் மாட்டச் சொல்லிவிட்டு மெல்பர்னுக்கு விமானம் ஏறினாள். மாட்ட வந்த இசக்கிராஜ் அன்றைக்கே விளக்கினான்.

“கரண்ட் போனா உள்ள இருக்க பேட்டரியில ஓடும் சார். அக்கா போனுக்கு உடனே மெசேஜ் போயிரும்.”

போனது. முதல் மின்வெட்டுக்கே அங்கிருந்து அழைப்பு. பேச்சு அலாரத்தில் தொடங்கி, ரசத்துக்கு எவ்வளவு புளி என்பதில் முடிந்தது. பதினெட்டு நிமிஷம்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் கரண்ட் போனது.

அவர் வீட்டுக்கு மட்டும்.

முப்பத்தோரு வருஷம் கம்பம் ஏறி ஊருக்குக் கரண்ட் கொடுத்தவர். ஓய்வுபெற்ற பிறகு இப்படி ஒரு உத்தியோகம்.

அவரே கூப்பிடலாம்தான். என்னாச்சோ என்று பதறுவாள். சும்மாதான் என்று சொல்ல அவருக்கு வராது. சும்மா பேசுவதெல்லாம் அவள் அம்மாவின் இலாகா.

நேற்று இசக்கிராஜ் பேட்டரி மாற்ற வந்தான். மூன்று வருஷத்தில் பழையது வயிறு உப்பிப்போயிருந்தது. அவருடையதைப் போலவே.

அலாரப் பெட்டியில் பதிவானதையெல்லாம் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

“என்ன சார், ஞாயித்துக்கெழம பதினோரு மணின்னா ஒங்க வீட்டுக் கரண்டுக்கு மட்டும் லீவா? இந்த லிஸ்ட்டு அக்கா போன்லயும் இருக்குமே.”

அறுபத்தெட்டு வயதில், கையும் களவுமாக.

அவள் பார்த்திருப்பாளா?

இனி அந்தச் சுவிட்சைத் தொட முகமில்லை. தொடாவிட்டால் போன் இல்லை.

நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். அலாரப் பெட்டியில் பச்சை விளக்கு ஒரு குறையும் இல்லாமல் எரிந்தது. வாழ்நாளில் எந்த விளக்கையும் அவர் இப்படி வெறுத்ததில்லை.

பதினொன்று ஐந்து.

பதினொன்று பத்து.

பேப்பரை எடுத்தார். தலைகீழாகப் பிடித்திருப்பது கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்தது.

பதினொன்று இருபது.

போன் அடித்தது.

கோமதி.

எடுத்தார். தலைக்கு மேல் ஃபேன் கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. மெல்பர்ன்வரை கேட்டிருக்கும்.

“என்னப்பா, கரண்ட் போயிட்டா?”

“ஆமாம்மா,” என்றார். “இப்பதான்.”