தெளிவில்லை

பேராசிரியர் மறுபடியும் வார்த்தையை மென்று விழுங்கினார்.

அவள் பத்து நொடி பின்னால் இழுத்துவிட்டுக் கேட்டாள். முணுமுணு. இன்னொரு தடவை. அதே முணுமுணு.

ஒலிப்பதிவைக் கேட்டு எழுத்தாக்குவது அவள் தொழில். கூட்டம் சிரித்தால் அடைப்புக்குறிக்குள் ‘சிரிப்பு’ என்று தட்ட வேண்டும். மூன்று தடவை கேட்டும் பிடிபடாவிட்டால் ‘தெளிவில்லை’ என்று தட்டிவிட்டு நகர வேண்டும். பதினாறு வருடமாக இதுதான் சட்டம்.

தட்டினாள். இந்தப் பக்கத்தில் இது ஏழாவது.

பாட்காஸ்ட் வளர்ந்த கதையைப் பற்றி ஏதோ பல்கலைக்கழகத்தில் பன்னிரண்டு பேர் பேசியிருந்தார்கள். எல்லாம் பெரிய படிப்பு. கண்டவனெல்லாம் மைக் வாங்கிப் பேச ஆரம்பித்ததை ஆராய்ச்சி செய்தவர்களுக்கு, ஒரு மைக் முன்னால் வாயைத் திறந்து பேச வரவில்லை. அவளுக்கு எரிச்சலாக வந்தது.

முதல் உரையை அனுப்பியதுமே மேலாளர் விசாரித்தார். பதிவு மோசம் என்று எழுதினாள். இரண்டாவதுக்கும் அதையே எழுதினாள். புது ஹெட்போன் வந்தது. மூன்றாவதை அனுப்பியதற்கு இன்று காலை ஒரே வரியில் பதில்: நான்காவதும் இப்படித்தான் என்றால் மிச்சத்தை வேறு ஆளிடம் கொடுத்துவிடுகிறோம்.

இருமலுக்கு நடுவே விழுந்த அரை வார்த்தையைக்கூடப் பொறுக்கி எடுப்பாள் என்று அந்த அலுவலகத்தில் அவளுக்குப் பாம்புச்செவி என்றே பெயர். அந்தப் பெயருக்கா இந்தக் கடிதம்?

மேசையில் ஃபோன் அதிர்ந்தது. கணவன். போய்க் கதவைத் திறந்தாள்.

லிஃப்ட் பழுது பார்த்த கிரீஸ் கையோடு நின்றுகொண்டு கத்தினான். “மணி அடிச்சு அடிச்சு விரலே தேஞ்சு போச்சு. அப்படி என்னதான் கோவம் உனக்கு?”

அவளுக்கு வேறு அவசரம். அவனை இழுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார வைத்தாள். செய்தி கேட்டாலே கொட்டாவி விடுகிற ஆள். அதனால் என்ன, சாட்சிக்கு இரண்டு காது போதும். ‘என் வீட்டுக்காரருக்கும் கேட்கவில்லை’ என்று மேலாளருக்கு எழுத வேண்டிய வரி மனதில் தயாராக இருந்தது.

“இந்த ஆளு பேசறது உங்களுக்காவது விளங்குதான்னு பாருங்க.”

ஹெட்போனை மாட்டி, ஏழாவது ‘தெளிவில்லை’க்குச் சற்று முன்னாலிருந்து ஓடவிட்டாள்.

அவன் சுரீரென்று முகத்தைச் சுளித்து ஹெட்போனைக் கழற்றி எறிந்தான். காதைத் தேய்த்துக்கொண்டான். பிறகு சத்தத்தைப் பாதிக்கும் கீழே குறைத்து, மறுபடி மாட்டிக்கொண்டான்.

அவள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஓடும் கோடு அந்த இடத்துக்கு வந்தது.

கணவன் சிரித்தான். சும்மா இல்லை, தோள் குலுங்க, கண்ணில் நீர் வர.

அவள் கண் அவன் பாதிக்கும் கீழே குறைத்து வைத்திருந்த ஒலி அளவில் போய் நின்றது.

அவன் அவள் பக்கம் திரும்பி, சிரிப்புக்கு நடுவே ஏதோ சொன்னான். அவளும் சிரித்துத் தலையாட்டினாள்.

பிறகு விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்து, ஏழாவது ‘தெளிவில்லை’யை அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘சிரிப்பு’ என்று தட்டினாள்.